சுபேதார் இராம்ஜி சக்பால்

டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம், எழுதுகிறோம். அப்பெயரின் நடுவே நிற்கும் 'ஆர்' என்னும் ஓர் எழுத்தைப் பற்றி நம்முள் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நம் தமிழகத்தில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும். மராட்டிய மண்ணிலோ அது மகனின் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையே அடங்கி நிற்கும். அவ்வாறு அடங்கி நின்று, மகனின் பெயர் உலகெங்கும் ஒலிக்கத் தான் துணைநின்ற பெருமகனார் சுபேதார் இராம்ஜி மாலோஜி சக்பால். அன்னாரின் வாழ்வை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலர் வாயிலாக இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் நினைவூட்ட விழைகிறோம். மகனின் வரலாறு பல நூல்களில் விரிவாக உள்ளது. தந்தையின் வரலாறோ அந்நூல்களின் முதல் சில பக்கங்களோடு முடிந்துவிடுகிறது. அப்பக்கங்களைச் சற்று நின்று படிப்பது நமக்கு நலம் பயக்கும்.

படைக்குடியில் பிறந்தவர்

மராட்டியத்தின் கொங்கணப் பகுதியில் இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது அம்பாவடே என்னும் சிற்றூர். இராம்ஜியின் முன்னோர் ஊர் அதுவே. அவர்கள் மகர் சமூகத்தினர். ஊருக்குப் புறத்தே குடியிருந்து, ஊரின் ஏவல்களையெல்லாம் செய்து, செத்த மாட்டை அகற்றி, கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையும் இன்றி வாழ்ந்த மக்கள் அவர்கள். நம் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்க்கை எதுவோ, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையும் அதுவே.

அம்மக்களுக்கு ஒரேயொரு கதவு மட்டும் திறந்திருந்தது. அது படையின் கதவு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பம்பாய்ப் படைக்கு மகர் இளைஞர்களைப் பெருமளவில் சேர்த்தது. 1818 சனவரி முதல் நாளன்று பீமா ஆற்றங்கரையில் கோரேகாவ் என்னுமிடத்தில் பேஷ்வாவின் படையோடு நடந்த போரில் அவர்கள் காட்டிய வீரத்திற்கு அங்குள்ள நினைவுத் தூண் சான்றாக நிற்கிறது. மாண்ட மகர் வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. நம் சென்னை மாகாணத்திலும் நம் முன்னோர் பலர் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து பணியாற்றியதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இராம்ஜியின் தந்தையார் மாலோஜி சக்பால் கம்பெனிப் படையில் பணியாற்றியவர். இராம்ஜியும் தந்தையின் வழியே பம்பாய்ப் படையில் சேர்ந்தார். அவர் மணந்த பீமாபாய் அம்மையாரும் படைக்குடியினரே. அம்மையாரின் தந்தையாரும் அவருடன் பிறந்தோரும் சுபேதார் மேஜர் என்னும் உயர்நிலை எய்தியவர்கள். அக்காலத்தில் இந்தியர் ஒருவர் படையில் அடையக்கூடிய உயர்ந்த பதவிகளுள் அது ஒன்று.

படை தந்த எழுத்து

படையில் சேர்ந்தவர்க்கு உடுப்பும் ஊதியமும் மட்டும் கிடைக்கவில்லை. இவ்விரண்டினும் மேலான ஒன்று கிடைத்தது. அக்காலப் படையில் இந்தியச் சிப்பாய்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஆண், பெண் வேறுபாடு அதில் இல்லை. நாடெங்கும் பள்ளித் திண்ணையைக் கூட மிதிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகள் படைமுகாமுக்குள் மட்டும் பலகையும் பல்பமும் ஏந்தினர். பெண்மக்களும் எழுத்தறிந்திருந்த குடும்பங்கள் அங்குத் தோன்றின.

இராம்ஜி இவ்வாய்ப்பை முழுமையாகப் பற்றிக்கொண்டார். பூனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தேறினார். பின்னர்ப் படைப்பள்ளியில் ஆசிரியராகி, 14 ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் விளங்கினார். சுபேதார் நிலையும் எய்தினார். போர்வீரர் குடியில் பிறந்த அவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதில் கழித்தார் என்பது, ஆசிரியப் பணியிலேயே தலைநரைத்த நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும். அவர் மராட்டியில் புலமையும் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சியும் உடையவர். மகாத்மா ஜோதிராவ் புலேயிடம் பெருமதிப்புக் கொண்டவர். சாதியை ஏற்காத கபீரின் நெறியில் நின்று, மதுவும் புலாலும் நீக்கி, தூய வாழ்வு வாழ்ந்தவர்.

மத்திய இந்தியாவின் மாவ் படைமுகாமில் அவர் பணியாற்றிய காலத்தில், 1891 ஏப்ரல் 14 அன்று அவருடைய பதினான்காவது குழந்தை பிறந்தது. அக்குழந்தையே நம் அண்ணல்.

அடைக்கப்பட்ட கதவு

மகன் பிறந்த மறு ஆண்டு, 1892-இல், இடிபோன்ற செய்தியொன்று வந்தது. மகர் மக்களை இனிப் படையில் சேர்ப்பதில்லை என்று அரசு முடிவு செய்தது. சில குடியினரே போர்க்குடியினர், ஏனையோர் போருக்குத் தகுதியற்றவர் என்னும் கொள்கை அக்காலப் படைத்தலைமையைப் பற்றியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குருதி சிந்திய மக்கள் ஒரே ஆணையால் வெளியே நிறுத்தப்பட்டனர்.

இதன் பொருளை நாம் நன்கு உணர வேண்டும். போனது வேலை மட்டுமன்று. கதவு மூடியபோது அதனோடு பள்ளியும் மூடியது. ஓய்வூதியமும், நிமிர்ந்து நடக்கும் உரிமையும் அடுத்த தலைமுறைக்கு இல்லாமற் போயின.

இராம்ஜி வாளாவிருக்கவில்லை. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயை அணுகி, அவர்தம் துணையோடு ஆணையை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பம் அளிக்க முயன்றார். முயற்சி பயன் தரவில்லை. பிறர் தந்த பெருமையைப் பிறரே ஒருநாள் ஓர் ஆணையால் பறித்துவிடலாம் என்பதை அந்த முதுபெரும் படைவீரர் தம் கண்முன்னே கண்டார். பறிக்க முடியாதது எது என்னும் வினாவிற்கு அவர் கண்ட விடையைத்தான் அவருடைய எஞ்சிய வாழ்நாள் நமக்குக் காட்டுகிறது.

தாயற்ற வீடு

மகன் தளிர்நடை பயிலும் பருவத்திலேயே இராம்ஜி படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார். குடும்பம் கொங்கணத்திலுள்ள தபோலியில் சிறிதுகாலம் தங்கியது. பின்னர் வேலை கிடைத்ததால் சதாராவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1896-இல் பீமாபாய் அம்மையார் மறைந்தார். பதினான்கு குழந்தைகளுள் பலர் முன்னரே இறந்துபட, பலராம், ஆனந்தராவ், பீமராவ் என்னும் ஆண்மக்கள் மூவரும் பெண்மக்களும் எஞ்சினர். தாயற்ற பிள்ளைகளை இராம்ஜியின் தமக்கையார் மீராபாய் பரிவோடு வளர்த்தார். அவர் கூன் விழுந்த முதுகினர். எனினும் குடும்பத்தை நிமிர்த்தி வைத்தவர்.

1900 நவம்பர் 7 அன்று சதாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் பீவா ராம்ஜி என்னும் பெயரால் சிறுவன் சேர்க்கப்பட்டான். வகுப்பில் மற்றப் பிள்ளைகளிலிருந்து விலகி, தான் கொண்டுவந்த சாக்கின்மேல் அமர வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். அவர் வாராத நாளில் தண்ணீர் இல்லை. சுபேதாரின் மகனுக்கும் நிலை இதுவே.

1901-இல் நடந்த நிகழ்ச்சியை அண்ணல் பிற்காலத்தில் தாமே எழுதி வைத்துள்ளார். பஞ்சத்தால் மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டுகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு வேலை தரும்பொருட்டுச் சதாரா மாவட்டத்தில் கோரேகாவ் என்னுமிடத்தில் அரசு ஏரி வெட்டத் தொடங்கியது. பீமா ஆற்றங்கரைக் கோரேகாவ் வேறு, இவ்வூர் வேறு. அங்கு இராம்ஜி காசாளராகப் பணியாற்றினார். கோடை விடுமுறைக்குத் தம்மிடம் வருமாறு பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, புதுக் காலணி, பட்டுக்கரை வேட்டி அணிந்து புறப்பட்டனர். வரும் நாளைக் குறித்து அவர்கள் எழுதிய கடிதத்தைச் சேவகர் அவரிடம் சேர்க்க மறந்தார். மசூர் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. அவர்கள் மகர் என்று அறிந்ததும் நிலையத் தலைவரின் முகம் மாறியது. வண்டிக்காரர் எவரும் ஏற்ற முன்வரவில்லை. இருமடங்கு கூலி பெற்றுக்கொண்டு ஒருவர் இசைந்தார். அவரும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தாம் உடன் நடந்து வருவதாகக் கூறினார். இரவு முழுவதும் கட்டுச்சோறு கையிலிருந்தும் குடிக்க ஒரு மிடறு நீர் தருவாரின்றி, உண்ணாமலே அப்பிள்ளைகள் கிடந்தனர். மறுநாள் அவர்கள் வந்து நின்றபோதுதான் தந்தைக்குச் செய்தி தெரிந்தது.

அத்தந்தையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆயிரமாயிரம் பேர்க்கு ஏரி வெட்டும் பணியில் கணக்குப் பார்த்தவர் அவர். அவருடைய பிள்ளைகளுக்கு வழியில் ஒரு குவளை நீர் இல்லை.

குறையற்ற மனிதர் என்று எவரையும் காட்ட நாம் இதனை எழுதவில்லை. இராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். தாயை இழந்த இளைய மகனின் உள்ளம் அதனால் மிகவும் புண்பட்டது. வீட்டை விட்டு நீங்கிப் பம்பாய் ஆலையில் வேலை தேட எண்ணி, வழிச்செலவுக்காக அத்தையின் பணப்பையைக் களவாட மூன்று இரவுகள் முயன்று, நான்காம் இரவு அது கைக்கு வந்தபோது அதில் அரை அணாவே கண்டான் அச்சிறுவன். அந்த அரை அணா அவனை நாணச் செய்தது. இனி ஊன்றிப் படித்துத் தன் காலில் நிற்பதென்று அன்றே உறுதி பூண்டான். தந்தையும் மகனும் மனம் வேறுபட்ட நாட்கள் உண்டு. எனினும் கல்வி என்னும் ஒன்றில் இருவரும் ஒருநாளும் வேறுபட்டாரில்லை.

பரேலில் ஓர் அறை

1904-இல் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. ஆலைத் தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில், பல குடித்தனங்கள் அடைந்து கிடக்கும் சாவடிக் கட்டடமொன்றில் ஓர் அறை கிடைத்தது. சமையற்கட்டும் அதுவே, படுக்கையறையும் அதுவே, படிப்பறையும் அதுவே. மகன் பெயர்பெற்ற எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இருவரைப் படிக்க வைக்க வகையின்மையால் அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். தம்பியின் பட்டத்தில் அந்த அண்ணனின் பங்கும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வறையில் இருவர் வசதியாகப் படுக்க இடமில்லை. ஆகவே இராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்வார், தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க அமர்த்திவிட்டு, அதன்பின் தாம் சென்று படுப்பார். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் மகன் விடியும்வரை படிப்பார். படைமுகாமில் இரவுக் காவல் நின்று பழகிய கண்கள், முதுமையில் ஒரு மாணவனுக்காகக் காவல் நின்றன.

ஆங்கிலத்திலிருந்து மராட்டிக்கும் மராட்டியிலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்கும் பயிற்சியைத் தந்தையே அளித்தார். சரியான சொல் எது என்று தேடித்தேடி எழுதச் செய்தார். பின்னாளில் ஆங்கிலத்தை ஆயுதமெனக் கையாண்ட அண்ணலுக்கு முதல் ஆங்கில ஆசிரியர் இவரே எனின் மிகையாகாது. பாடநூல்களுக்கு அப்பாலும் படிக்கும் வேட்கை மகனுக்கு இருந்தது. கேட்ட நூலை வாங்கக் கையில் பணமில்லாதபோது, பம்பாயில் மணமாகி வாழ்ந்த பெண்மக்களிடம் இராம்ஜி செல்வார். பணம் இல்லையென்று அறிந்தால் அவர்களுடைய நகையொன்றைக் கேட்டுப் பெறுவார். அதனை அடகு வைத்து நூலை வாங்கி வருவார். மாதப் பிறப்பில் ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் திருப்பித் தருவார். மகளின் நகை மானம் காக்கும் பொருள். அதனை நூலுக்காக அடகு வைத்த தந்தையை அக்காலத்தில் எத்தனை பேர் எள்ளியிருப்பர்! அவர் பொருட்படுத்தவில்லை.

மாலைதோறும் வீட்டில் வழிபாடும் இதிகாசப் படிப்பும் கட்டாயம். ஒருமுறை மகன் தேர்வில் வென்றபோது சமூகத்தார் பாராட்டு விழா எடுக்க விரும்பினர். மகனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அஞ்சி இராம்ஜி இசையவில்லை. பெரியவர் கிருஷ்ணாஜி கேலுஸ்கர் எடுத்துரைத்த பின்னரே ஒப்பினார். விழாவில் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைச் சிறுவனுக்குப் பரிசளித்தார். அதைப் படித்த மகன், புத்தரின் நூல்களைத் தராமல், பிராமணரையும் சத்திரியரையும் உயர்த்தி நம்மவரைத் தாழ்த்தும் இதிகாசங்களை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள் என்று தந்தையை நேருக்கு நேர் வினவினார். தந்தை சினந்து அடக்கவில்லை. தீண்டப்படாதவர் என்பதால் பிள்ளைக்குத் தாழ்வுணர்ச்சி வந்துவிடக் கூடாது, எளிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் வால்மீகியையும் அறிந்தால் அது நீங்கும் என்பதே தம் எண்ணம் என விளக்கினார். விடை மகனுக்கு முழு நிறைவு தரவில்லை. ஆயினும் வினவும் உரிமை அவ்வீட்டில் இருந்தது. 1956-இல் தம் மக்களோடு பௌத்தம் தழுவிய அண்ணலின் பயணம், கேள்வி கேட்கலாம் என்று ஒரு தந்தை இடம் தந்த அந்நாளில் தொடங்கிற்று என்று நாம் கருதுகிறோம்.

1907-இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறினார். 1908-இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு வழியற்றபோது கேலுஸ்கரின் முயற்சியால் பரோடா மன்னர் சயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். 1912-இல் மகன் பி.ஏ. தேறினார். அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று யஷ்வந்த் என்னும் பேரன் பிறந்தான். பாட்டனாகும் பேறும் இராம்ஜிக்கு வாய்த்தது. ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை.

இறுதி நாள்

1913 சனவரியில் மகன் பரோடா அரசுப் பணியில் சேரப் புறப்பட்டார். அங்குச் சாதிக்கொடுமை மிகுதி என்று அஞ்சிய தந்தைக்கு அதில் விருப்பமில்லை. பணியேற்ற சில நாட்களிலேயே தந்தை நோயுற்றார் என்னும் தந்தி மகனுக்கு வந்தது. பதைத்துப் புறப்பட்ட மகன், தந்தைக்கு இனிப்பு வாங்கிச் செல்ல எண்ணிச் சூரத் நிலையத்தில் இறங்கினார். அதற்குள் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி பிடித்து மறுநாளே பம்பாய் வந்து சேர்ந்தார். உயிரைக் கண்களில் தேக்கிக் காத்திருந்த முதியவர், மகனைக் கண்டு, அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, சற்று நேரத்தில் கண் மூடினார். அன்று 1913 பிப்ரவரி 2. தம் வாழ்வில் மிகத் துயரமான நாள் அதுவே என அண்ணல் கருதினார்.

அவர் விட்டுச் சென்ற சொத்து எதுவும் இல்லை, கடன் இருந்தது. அவ்வாண்டு சூலையில் மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில அமெரிக்கா சென்றார். அதைக் காணத் தந்தைக்குக் கொடுத்து வைக்கவில்லை.

விண்ணப்பத்துக்கு விடை

1892-இல் அடைக்கப்பட்ட கதவு என்னவாயிற்று? முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் மகர் படைப்பிரிவொன்றை அமைத்த அரசு, போர் முடிந்ததும் 1921-இல் அதைக் கலைத்துவிட்டது. தேவைக்கு அழைப்பதும் தீர்ந்தபின் விரட்டுவதுமான இந்நிலையை மாற்ற அண்ணல் இடைவிடாது வாதாடினார். இரண்டாம் உலகப் போரின்போது அரசின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அவர் இடம்பெற்றார். 1941 அக்டோபரில் மகர் படைப்பிரிவு பெல்காமில் தோற்றுவிக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அது கலைக்கப்படவில்லை. தந்தை எழுதிய விண்ணப்பத்திற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து மகன் விடை பெற்றுத் தந்தார். விண்ணப்பத்தால் திறவாத கதவு கல்வியால் திறந்தது.

இளைஞர்களே! அண்ணலைப் போல் ஆகுங்கள் என்று உங்களிடம் சொல்வோர் பலர். அது எல்லார்க்கும் இயலுவதன்று. ஆனால் இராம்ஜியைப் போல் ஆதல் நம் ஒவ்வொருவர்க்கும் இயலும். இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கப் பட்டம் தேவையில்லை. கூலி வேலை செய்து, கையெழுத்தும் இடத் தெரியாமல், பிள்ளை படித்து முடிக்கும்வரை விளக்கருகே குந்தியிருக்கும் தாய் தந்தையரை நாம் நம் பணிக்காலமெல்லாம் கண்டிருக்கிறோம். அவர்கள் ஒவ்வொருவரும் ஓர் இராம்ஜியே. பட்டம் பெற்ற பிள்ளைகள் சிலர் அத்தகைய பெற்றோரை நால்வர் முன் தந்தையென்று சொல்ல நாணுவதையும் கண்டு வருந்தியிருக்கிறோம். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. பி. ஆர். அம்பேத்கர் தம் பெயரின் நடுவிலிருந்து அந்த எழுத்தை ஒருநாளும் நீக்கவில்லை.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவதும் அந்த அறையில் இராம்ஜி செய்ததே. இடமில்லாத பிள்ளைக்கு இடம் தருவது, நூலில்லாத பிள்ளைக்கு நூல் தேடித் தருவது, உரிய வேளையில் எழுப்பிவிடுவது. இதன் உதவியால் படித்து வேலை பெற்றோர் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொள்வாராயின், விளக்கு அணையாது. சுபேதார் இராம்ஜிக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவாக இருக்கட்டும்.